பூங்காவைப் பூட்டிவிட்டு ஆள் வரவில்லை என்கிறீர்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத்தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் அவர்களுக்கு,

நகராட்சிச் சிறுவர் பூங்காவின் நிலத்தைக் கட்டண வாகன நிறுத்தமாகவும் கடை வளாகமாகவும் மாற்றித் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ராட்டினங்கள் பழுதாகிவிட்டன, பூங்காவுக்கு யாரும் வருவதில்லை, நகராட்சிக்கு வருமானம் வேண்டும் என்று மூன்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி. இக்காலக் குழந்தைகளுக்குக் கைப்பேசி விளையாட்டுகளும் புறவழிச்சாலையில் தனியார் பொழுதுபோக்குப் பூங்காவும் இருப்பதால் நகராட்சிப் பூங்காவின் தேவை குறைந்துவிட்டதாம். முதல் மூன்று காரணங்களையும் உட்கார்ந்து பேசலாம். நான்காவது வரியைப் படித்தபிறகு எனக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா விசைத்தறி ஓட்டினார். இப்போது வீட்டில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். 90களில் இந்த ஊர்ப் பிள்ளைகள் காசு கொடுத்து விளையாட மூன்று இடங்கள் இருந்தன: பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வீடியோ கேம் கடை, வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவில் போகிற தீம் பார்க், அப்புறம் நகராட்சிப் பூங்கா. வீடியோ கேம் கடையின் இடத்தில் இன்று கைப்பேசி, தீம் பார்க்கின் இடத்தில் புறவழிச்சாலைப் பூங்கா. அந்த இரண்டும் இருப்பதால் மூன்றாவது வேண்டாம் என்பதுதான் உங்கள் தீர்மானத்தின் பொருள். அந்த மூன்று இடங்களுக்குள்ளும் யாரால் போக முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வீடியோ கேம் கடையிலிருந்து தொடங்குகிறேன். சந்துக்குள் நீலத் திரை தொங்கும் வாசல். உள்ளே இருட்டில் ஆளுயர மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிவி. கல்லாவில் ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு காயின் தருவார்கள், அதைப் போட்டால் ஒரு ஆட்டம். ஆடுகிறவன் ஒருவன் என்றால் அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நாலைந்து பேர். இதெல்லாம் என் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் அங்கே போய் மாட்டிக்கொண்டால் அப்பாவிடம் அடி விழும். ஆனால் அடி வாங்கிவிட்டு அடுத்த நாளும் போவான். நான் அந்தச் சந்துக்குள் திரும்பினாலே போதும், நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருக்கும்.

கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' ஆட்டத்தை எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. அதில் பறந்து உதைக்கிற முஸ்தபாவின் பெயரையே ஆட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். எட்டுக் கட்டங்களையும் அண்ணன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் படம் போட்டுக் காட்டுவான். எந்தப் பீப்பாயை உடைத்தால் துப்பாக்கி கிடைக்கும், எங்கே சாப்பாடு கிடைக்கும், கடைசியில் வருகிறவனிடம் எப்படித் தப்பிக்க வேண்டும் எல்லாம் எனக்கு மனப்பாடம். கைப்பிடியை மட்டும் தொட்டதில்லை. ஹானா என்று ஒரு பெண்ணையும் எடுத்து ஆடலாம் என்று ஒருநாள் சொன்னான். "நீ அவள எடுத்தியா?" என்று கேட்டேன். "அவள எவன் எடுப்பான்?" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தக் கடைக்குள் இருந்த யாருக்கும் அவளை எடுக்கத் தோன்றியிருக்காது. பக்கத்துப் பெட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. 1991இல் வந்த அந்த ஆட்டத்தின் எட்டு வீரர்களில் சுன் லீ ஒருத்திதான் பெண். மற்ற ஏழு பேரையும் அவள் அடித்து வீழ்த்துவாள் என்று அண்ணன் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியின் முன்னால் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நிற்பதை யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிலேயே 70களின் கடைசியில் கேம் சென்டர்கள் ஆண்கள் புழங்கும் இடங்களாகத்தான் இருந்தன. நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த தோரு இவாதானி என்ற இளைஞர் அதைக் கவனித்தார். பெண்களும் ஜோடிகளும் விரும்பி உள்ளே வரும்படியான ஆட்டம் ஒன்று வேண்டும் என்று யோசித்தார். சுட்டுத் தள்ளுவதை விட்டுவிட்டுத் தின்பதை மையமாக வைத்தார். 1980இல் வந்த 'பேக்-மேன்' அப்படிப் பிறந்தது. உள்ளே வராதவர்கள் யார் என்று ஒருவர் கேட்டுப் பார்த்ததால் நடந்த மாற்றம் அது. உங்கள் தீர்மானத்தில் அந்தக் கேள்வி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அடுத்தது தீம் பார்க். சென்னைப் பிள்ளைகளுக்கு வி.ஜி.பி., எம்.ஜி.எம்., கிஷ்கிந்தா என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். நீலகிரி மலை எதிரில் நிற்க, அடிவாரத்தில் அலைக்குளம். எங்களில் பலர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல் அலை வந்து மோதியபோது கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷம் யாருக்கெல்லாம் கிடைத்தது? சுற்றுலாவுக்கு முந்தின நாள் வகுப்பில் பலருக்குத் திடீரென்று காய்ச்சல் வரும், பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பணம் கட்ட முடியாததுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். எனக்கு அம்மா சீட்டுப் பணத்தில் கைவைத்துக் கட்டினார். போன பெண் பிள்ளைகளையும் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பையன்கள் இருக்கிறார்கள், துணி நனைந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது காரணம். பையன்கள் சறுக்குக் குழாய்களில் ஏறி ஏறி விழுந்தார்கள். நாங்கள் கரையில் நின்று அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது இடம்தான் உங்கள் பொறுப்பில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. முந்தின நாள் சம்பளம் வந்திருக்கும். சாயங்காலம் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் எங்களைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்புவார்கள். நுழைவுச் சீட்டு சில்லறைக் காசுதான். உள்ளே போனதும் வானொலி அறைக் குழாயிலிருந்து செய்தி கேட்கும், அதைக் கேட்பதற்கென்றே திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குட்டி ரயில், சறுக்கு மரம், ஆளை மேலே தூக்கிக் கீழே இறக்கும் ராட்டாந்தூரி, மரக்குதிரைகள் தொங்கும் குடை ராட்டினம். குடை ராட்டினத்துக்கு அப்போது மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லாப் பிள்ளைகளும் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். காசில்லாத பிள்ளைகளைத் தள்ளச் சொல்வார். கொஞ்ச நேரம் தள்ளினால் அடுத்த நடைக்கு ஏறிக்கொள்ளலாம். பையன், பொண்ணு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. தள்ளி ஏறிய பிள்ளைகளில் நானும் உண்டு.

அம்மாக்களும் ஏறுவார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் முழுக்க வீட்டு வேலையும் தறிக்கு நூல் தார் சுற்றுகிற வேலையுமாக இருந்த பெண்கள் ராட்டாந்தூரியில் ஏறி, மேலே போனதும் கண்ணை மூடிக்கொண்டு, கீழே வரும்போது கத்திச் சிரிப்பார்கள். என் அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. புருஷனிடம் கேட்காமல், மாமியாரிடம் காரணம் சொல்லாமல், "புள்ளைங்கள பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தையில் கிளம்ப இந்த ஊரில் அவர்களுக்கு இருந்த இடம் கோயிலை விட்டால் அது ஒன்றுதான்.

உலகத்திலேயே பெரிய பெயர் எடுத்த தீம் பார்க்கின் யோசனைகூட ஒரு நகராட்சிப் பூங்காவில் பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குச் சொந்தமான கிரிஃபித் பூங்காவில் தன் மகள்கள் குடை ராட்டினம் சுற்றுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். 1955இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அது வந்துவிட்டது, இனி எதற்கு இது என்று அந்த ஊரில் யாரும் கிரிஃபித் பூங்கா ராட்டினத்தைப் பிடுங்கி எறியவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அது அங்கேயே சுற்றியது.

இப்போது உங்கள் நான்காவது வரிக்கு வருகிறேன். கைப்பேசி இருக்கிறது என்கிறீர்கள். என் டியூஷனுக்கு வருகிறவர்கள் தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன். பகலில் அது அப்பாவோடு போய்விடும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் பையன் கைக்குப் போகும். ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தியிடம் என்ன கேம் பிடிக்கும் என்று கேட்டேன். "எனக்கு ஆடத் தெரியாதுங்க மிஸ், தம்பி ஆடறதப் பார்ப்பேன்" என்றாள். எனக்கு என் அண்ணனின் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் கழித்தும் பெண் பிள்ளைக்கு வேடிக்கை பார்க்கிற இடம்தான் என்றால், அதைக் காரணம் காட்டி அவள் ஏறி விளையாடிய ஒரே இடத்தையும் எடுக்கலாமா?

போன் கையில் இருக்கிற பையன்களுக்கும் அது நல்லதாக இல்லை. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. போனில் விளையாடுவது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று இரண்டு அரசுகளும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, பூங்காவுக்குப் பதில் போன் இருக்கிறது என்று ஒரு நகராட்சி எழுத்தில் எழுதலாமா? அந்த வாசகத்தை மட்டுமாவது நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

புறவழிச்சாலைப் பூங்காவை நடத்துகிறவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது பெரும் முதல் போட்டுச் செய்கிற தொழில். 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஆன செலவு 600 கோடி ரூபாய்க்கு மேல். அப்படிப்பட்ட இடங்களில் ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டித்தான் சீட்டு இருக்கும். வரியும் உண்டு. ஜிஎஸ்டி வந்த 2017இல் தீம் பார்க்குகளுக்கும் குடை ராட்டினத்துக்கும் 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் பக்கத்துப் பூங்காவில் கட்டணம் அவ்வளவு இல்லை என்றாலும், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால் தறிக்காரர் ஒருவரின் வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஐந்து ரூபாய்க்கு ராட்டினம் ஓட்டுங்கள் என்று அவர்களிடம் போய்க் கேட்க எனக்கு உரிமை இல்லை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்டுகிறவள் என்ற முறையில் உங்களிடம் கேட்க உரிமை இருக்கிறது.

யாரும் வருவதில்லை என்ற காரணம் என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காகப் பூட்டிய கேட் அது. ஊரடங்கு முடிந்து கடைகள் திறந்தன, தியேட்டர்கள் திறந்தன, பள்ளிகள் திறந்தன. பூங்கா மட்டும் காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் திறந்து மூடப்படுகிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிற நேரத்தில் பூட்டுத்தான் தொங்குகிறது. ராட்டினங்களைச் சுற்றிக் கயிறு கட்டி 'பராமரிப்புப் பணி' என்று பலகை வைத்தீர்கள். பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது, பணி நடக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருநாள் அந்தக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்று பாருங்கள். கம்பி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளையும், பின்சுவர் இடிந்த இடத்தில் ஏறிக் குதித்துச் சறுக்கு மரத்துக்கு ஓடுகிற பையன்களையும் பார்ப்பீர்கள். இங்கேயும் சுவரேறிக் குதிக்க முடியாதவர்கள் பெண் பிள்ளைகள்தான்.

பழுது என்ற காரணத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. துருப்பிடித்த ராட்டினத்தில் ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் பெரிய ராட்டினம் பாதி உயரத்தில் நின்றுபோய், 30 பேர் மணிக்கணக்கில் தவித்து, தீயணைப்பு வீரர்கள் வந்து இறக்கியதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஆனால் நம் பூங்காவில் இருப்பது அந்த மாதிரி இயந்திரங்கள் இல்லை. குடை ராட்டினத்துக்குப் பிற்காலத்தில் பொருத்திய மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது என்றும் அச்சு தேய்ந்துவிட்டது என்றும் உங்கள் பொறியியல் பிரிவே எழுதியிருக்கிறது. இது விசைத்தறி ஊர். தெருவுக்குத் தெரு மோட்டார் காயில் கட்டுகிறவர்களும் லேத் பட்டறைகளும் இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்குத் தறி நின்றால் பன்னிரண்டு மணிக்குள் ஓடவைக்கிறவர்கள் இவர்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடை ராட்டினம் ஐந்தாறு வருஷமாகச் சுற்றாமல் நிற்கிறது என்றால், செய்ய ஆளில்லை என்று யாரும் நம்ப மாட்டார்கள். பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும் என்பதையும் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களுக்கென்றே ஐ.எஸ். 15475 என்ற விதிமுறையை வகுத்து வைத்திருக்கிறது.

வருமானம் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. தெருவிளக்கும் நகராட்சிக்கு லாபம் தருவதில்லை, அதற்காக யாரும் அணைத்துவிடவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இரக்கத்தின்பேரில் செய்கிற காரியம் இல்லை. பூங்காக்களையும் விளையாட்டு இடங்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதத்தைக் கேட்ட பிறகும், பூங்கா இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே கொடுக்கக் கூடாது என்றால் வண்டி நிறுத்தத்துக்கு எப்படிக் கொடுக்கலாம்? குழந்தைகளின் விளையாட்டு ஓர் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. உடன்படிக்கையை டெல்லி ஏற்றுக்கொண்டாலும், ஒரு பிள்ளைக்கு அது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் உங்கள் கூட்ட அரங்கில்தான்.

காசில்லாத நகராட்சி எப்படிச் செய்யும் என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊரே நொடிந்து கிடந்த காலத்தில், 1947இல், ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞரை வைத்து ஒரு சின்ன விளையாட்டிடம் அமைத்தது. மணல் தொட்டி, சில கம்பிகள், உட்காரப் பெஞ்சு, அவ்வளவுதான். அதைப் பார்த்த மற்ற தெருக்காரர்கள் தங்கள் பக்கத்திலும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் அப்படி 700க்கும் மேற்பட்ட இடங்கள் வந்தன. காலி மனைகளையும் தெருமுனைகளையும் தேடித்தேடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நாம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் காப்பாற்றக் கேட்கிறோம்.

பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று ஆனபிறகு 2022 பிப்ரவரி தேர்தலில் வென்று வந்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் என் வயதுக்காரர்கள், இதே ஊரில் வளர்ந்தவர்கள். நீங்கள் அந்த வீடியோ கேம் கடைக்குள் போயிருக்கிறீர்களா? அலைக்குளத்தில் கழுத்துவரை இறங்கியிருக்கிறீர்களா? நகராட்சிப் பூங்காவில் ராட்டாந்தூரி ஏறாதவர்கள் உங்களில் யாராவது உண்டா? தீர்மானத்துக்கு எதிராக ஒரு கைகூட உயரவில்லை என்று கேள்விப்பட்டேன். வண்டி நிறுத்த இடமில்லாமல் கடைவீதியில் நெரிசல் என்பது எனக்கும் தெரியும். அதற்கு இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஏன் எப்போதும் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற இடமாகவே இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் நீங்களாவது கேட்க வேண்டும்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே எழுதுகிறேன். குத்தகைத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். ஒப்பந்தப்புள்ளி விடும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள். இந்தப் பொருளைத் திரும்பவும் எடுப்பதாக இருந்தால் முதலில் எல்லா வார்டுகளின் பகுதி சபைகளிலும் வையுங்கள். அந்தச் சபைகளை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் தறிக்குப் போகிற பெண்கள் வர முடியாது, ஞாயிறு சாயங்காலம் வையுங்கள். பிள்ளைகளும் வந்து பேசட்டும்.

கேட்டைத் திறப்பதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வருகிற திங்கட்கிழமையிலிருந்தே தினமும் மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை திறந்துவிடலாம். எரியாத விளக்குகளை மாற்றி, பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுங்கள். ராட்டினங்கள் ஓடுகிறவரை மணலும் சறுக்கு மரமும் போதும், பிள்ளைகள் வருவார்கள்.

ராட்டினங்களை ஒவ்வொன்றாகத் தகுதியுள்ள பொறியாளரை வைத்துச் சோதித்து, எதைச் சரிசெய்யலாம், எதைக் கழிக்க வேண்டும், என்ன செலவாகும் என்ற அறிக்கையைப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள். குடை ராட்டினத்தை முதலில் ஓடவையுங்கள். பயிற்சி பெற்ற ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள், வருஷா வருஷம் சோதனைச் சான்றிதழை எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். ஒரு நடைக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் அரசுப் பள்ளி, நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக விடுங்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பூங்காக்களின் பட்டியலில் இந்த இடம் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்க நடவடிக்கை எடுங்கள்.

இன்னும் ஒன்று. பழைய வானொலி அறை பூட்டிக் கிடக்கிறது. கூரை நன்றாகவே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தி நாலைந்து டிவியும் வீடியோ கேம் கருவிகளும் வைத்து, ஒரு பெண் பணியாளரைப் பொறுப்பில் விட்டு, தினமும் ஒரு மணி நேரமாவது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிக் கொடுங்கள். டிவிகளுக்கும் கருவிகளுக்கும் நன்கொடை திரட்ட எங்கள் தெருப் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். நகராட்சி அறையையும் மின்சாரத்தையும் ஆளையும் கொடுத்தால் போதும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பாக எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இந்த மடலின் அச்சுப் பிரதியில் எங்கள் வார்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை ஆணையர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்கிறோம். கூட்டம் நடக்கிற அன்று பார்வையாளர் இடத்தில் பிள்ளைகளோடு வந்து உட்கார அனுமதியும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
நகராட்சிக்கு வரி செலுத்தும் பெண், டியூஷன் ஆசிரியை